சாட்சிக்குக் காவல்

நான் போய் இறங்கிய அன்று புவனேஸ்வரி என் காலடியில் துப்பினாள். என் மேல் படவில்லை. செருப்புக்கு ஒரு சாண் முன்னால் விழுந்தது. குறி தவறியதா, அவ்வளவு போதும் என்று விட்டாளா, எனக்குத் தெரியாது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் பையைக் களத்து ஓரமாக வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். அவளைக் காப்பாற்றுவதற்காகத்தான் என்னை அனுப்பியிருந்தார்கள்.

துப்பியதில் தப்பு ஒன்றும் இல்லை. என் பெயர் அல்போன்சா, வயது நாற்பத்தாறு. இரண்டு பேரைக் கொன்றிருக்கிறேன். கோபத்தில் செய்ததில்லை. ஆளைக் காட்டினார்கள், செய்தேன். பதினாலு வருஷம் உள்ளே கிடந்துவிட்டு வந்தேன். இப்போது திண்டுக்கல்லில் ரொனால்டு என்பவன் நடத்துகிற செக்யூரிட்டி கம்பெனியில் வேலை. கல்யாண மண்டபத்திலும் நகைக்கடை வாசலிலும் கறுப்பு பேன்ட், கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கையைக் கட்டி நிற்கிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். லேடி பவுன்சர் என்பார்கள். அதில் நானும் ஒருத்தி. மற்றவர்கள் ஜிம்முக்குப் போய் உடம்பை ஏற்றினவர்கள். என் உடம்பு ஜெயில் சமையல்கட்டில் அண்டா தூக்கி ஏறியது.

புவனேஸ்வரியின் புருஷன் சுருளிவேல் ஆத்தூருக்குப் பக்கத்தில் சின்ன வெங்காயம் போட்டுக்கொண்டிருந்த சம்சாரி. ஊர்க் குளத்து மண்ணை ஆண்டிச்சாமி என்பவன் டிப்பர் டிப்பராக அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து, கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை தோறும் மனுக் கொடுத்தார். அவருக்குப் பதினோராவது திங்கட்கிழமை வரவில்லை. அதற்கு முந்தின வியாழக்கிழமை மத்தியானம் வெங்காயக் காட்டில் வைத்து இரண்டு பேர் அவரைப் பிடித்துக்கொண்டார்கள், ஆண்டிச்சாமியே வெட்டினான். ஆள் வைத்துச் செய்திருந்தால் தப்பித்திருப்பான். தன் கையால் செய்தால்தான் ஊர் பயப்படும் என்று நினைத்தான் போல.

காட்டில் அப்போது கூலிக்கு வந்த நாலு பேரும் புவனேஸ்வரியும் இருந்தார்கள். நாலு பேரும் குனிந்து வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்ததால் ஒன்றும் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் இவள் ஒருத்தி. இவள் கோர்ட்டில் ஏறிச் சொன்னால் வழக்கு நிற்கும். சொல்லாவிட்டால், ஜாமீனில் வெளியே இருக்கிற ஆண்டிச்சாமி அப்படியே வெளியே இருப்பான். சாட்சி சொல்ல வேண்டிய தேதிக்கு இன்னும் பதினேழு நாள் இருந்தது. பாதுகாப்புக்கென்று வந்த போலீஸ்காரர் மூன்றாம் நாளே திருவிழா பந்தோபஸ்துக்குப் போய்விட்டார். அதனால் விவசாயிகள் சங்கத்து ஆட்கள் ரொனால்டிடம் வந்தார்கள். அவன் என்னைக் கூப்பிட்டான்.

"அவனுக யோசிக்கிறத அவனுகளுக்கு முந்தி யோசிக்கிற ஆளு வேணும்க்கா," என்றான்.

நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் வேறு. என் இரண்டாவது ஆள் பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்தவர். அவர் வீட்டு வாசலிலேயே முடித்தேன். அவர் மனைவி குர்ஷித் பேகம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். கோர்ட்டில் அந்த அம்மாவுக்குக் கால் நடுங்கியது, குரல் எழும்பவில்லை. நீதிபதி இரண்டு தடவை சத்தமாகப் பேசச் சொன்னார். அப்புறம் அந்த அம்மா கையை மட்டும் தூக்கி என்னைக் காட்டினார். எங்கள் வக்கீல் ஒன்றரை மணி நேரம் அவரைப் போட்டு உலுக்கினார். அந்தக் கை இறங்கவே இல்லை. அரிவாளோடு என்னைத் துரத்தியிருக்கிறார்கள், நான் பயந்ததில்லை. அந்த விரலைப் பார்த்து எனக்கு மூத்திரம் வந்துவிட்டது. அப்படி ஒரு பெண்ணை இந்தத் தடவை கடைசிவரை கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று நினைத்தேன். இதை ரொனால்டிடம் சொல்லவில்லை.

ஊர் என்னை வரவேற்ற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய பேப்பரில் வந்த என் போட்டோவை யாரோ வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டு, அது எனக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்திருந்தது. டீக்கடையில் சட்டியில் பால் பொங்கிக்கொண்டிருக்கும்போதே பால் இல்லை என்றார்கள். குழாயடியில் நான் போனால் குடங்கள் நகர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்கிற நேரத்தில், என் பக்கத்தில் நின்ற அம்மாள் கை கூப்பாமல் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். புவனேஸ்வரி எனக்குச் சோற்றைத் துணி துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டுப் போவாள். சோறு உண்டு, தொட்டுக்கொள்ள வெஞ்சனம் கிடையாது. நானும் கேட்கவில்லை. நான் என்ன சம்பந்தி வீட்டு விருந்துக்கா வந்திருந்தேன்?

அவள் காட்டுக்குப் போனால் நாலு அடி தள்ளிப் பின்னால் போவேன். கடைக்குப் போனால் முன்னால் போய்க் கடைக்குள் எட்டிப் பார்ப்பேன். அவள் ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஐந்தாம் நாள் வாய்க்கால் வரப்பில் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"நீ கொன்னவனுகளுக்குப் பொண்டாட்டி இருந்துச்சா?"

ஒருவருக்கு இருந்தது என்றேன். அந்த அம்மா இப்போது எங்கே என்றாள். செத்துப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன் என்றேன். உன்னால்தான் செத்திருப்பாள் என்று சொல்லிவிட்டு மடையைத் திறக்கப் போனாள். இருக்கலாம்.

சுருளிவேலின் அண்ணன் பொம்மையன் அடுத்த வீடு. தம்பி செத்த அன்று தரையில் புரண்டு அழுதவராம். இப்போது சமாதானமாகப் போய்விடலாம் என்று வருகிறவர்களை எல்லாம் நடுவீட்டில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பயந்தவர். ஆண்டிச்சாமியின் லாரிகள் தினமும் அவர் வீட்டு வாசல் வழியாகத்தான் போயின, அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். ஒரு நாள் என்னிடம் வந்து, சாட்சி அன்றைக்கு நான் ஒரு பத்து நிமிஷம் டீ குடிக்கப் போனால் எல்லாருக்கும் நல்லது என்றார். இந்த ஊரில் எனக்கு டீக்குப் பால் கிடைப்பதில்லை என்றேன். அதற்குமேல் அவர் என்னிடம் பேசவில்லை.

நான் வந்த பன்னிரண்டாம் நாள் சுருளிவேலின் தலைத் தெவசம், செத்து ஒரு வருஷம்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். கேதத்துக்கு வரமுடியாமல் போனவர்கள் தெவசத்துக்காவது வந்து அழுதுவிட்டுப் போவார்கள். பெண்கள் தெருமுனையிலேயே தலைமுடியை அவிழ்த்துவிட்டு, ஒப்பாரியை எடுத்துக்கொண்டு வருவார்கள். வந்ததும் நேராகப் போய்த் தாலியறுத்தவளைக் கட்டிப்பிடிப்பார்கள். தோளும் தோளும் சேர்த்து, ஆடி ஆடி அழுவார்கள். நீ யார், எந்த ஊர் என்று அப்போது யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் காலத்துக்கும் அந்தச் சொல் நிற்கும். கொலை செய்ய வருகிறவளுக்கு இதைவிட நல்ல வாசல் எங்கே கிடைக்கும்? முதல் நாளே புவனேஸ்வரியிடம் சொன்னேன், நாளைக்கு யாரையும் கட்டிப்பிடித்து அழாதே என்று. என் புருஷனுக்கு அழுவதற்குக் கொலைகாரியிடம் பெர்மிஷன் கேட்க வேண்டுமா என்றாள்.

அன்று காலையிலிருந்து நான் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்த்துப் பயனில்லை. அழுகிற முகம் எல்லாம் ஒன்றுதான். பதினோரு மணிக்குள் இருபது பெண்களாவது வந்திருப்பார்கள். எல்லாரும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தார்கள். பிறகு இருபத்தைந்து வயசு மதிக்கத்தக்க ஒருத்தி வந்தாள். முடி அவிழ்ந்திருந்தது, ஒப்பாரியும் சுத்தமாக இருந்தது, கண்ணீர்கூட உண்மை. எங்கண்ணே, எங்களைத் தனியா விட்டுட்டுப் போயிட்டியே என்று சொல்லிக்கொண்டே வந்து, புவனேஸ்வரியை இடது கையால் மட்டும் அணைத்தாள். வலது கை முந்தானைக்குள் இருந்தது.

நான் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன். கத்தி வயிற்றுக்குப் போகவேண்டியது, புவனேஸ்வரியின் இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் கோடு போட்டுவிட்டு வெளியே வந்தது. மணிக்கட்டைத் திருகினேன். உடைந்தது கேட்டது. அந்தப் பெண் கத்தவில்லை. என்னை ஏறிட்டுப் பார்த்தாள், அவ்வளவுதான். எனக்கு அந்தப் பார்வை தெரியும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கண்ணாடியில் பார்த்தது. அவளை அங்கேயே அறைந்து கொல்லலாம் போல வெறுப்பு வந்தது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. கத்தியோடு வந்தவளைத் தூணில் கட்டியிருந்தார்கள். ஊர்ப் பெண்கள் அவளைப் பார்த்து விலகவில்லை. என்னைப் பார்த்து விலகினார்கள். பொம்மையனின் மனைவி, இவளை வீட்டுக்குள் விட்டதால்தான் வீட்டுக்குள் கத்தி வந்தது என்று மாரில் அடித்துக்கொண்டாள். போலீஸ் வந்து அந்தப் பெண்ணைக் கூட்டிப் போனது. தன்னை யார் அனுப்பினார்கள் என்று அவள் சொல்லவில்லை. சொல்லமாட்டாள், நானும் சொன்னதில்லை. செம்பட்டி ஆஸ்பத்திரியில் புவனேஸ்வரிக்குப் பதினோரு தையல் போட்டு, மெல்லிசாக ஒரு கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் துவைகல்லில் சோறு இல்லை. வீட்டுக்குள் தட்டு வைத்து, கத்தரிக்காய்க் கூட்டும் கருவாடும் வைத்திருந்தாள்.

"உள்ள வந்து சாப்புடுக்கா," என்றாள்.

அக்கா என்றதில் விழுந்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஜெயிலில் இருந்து வந்த பிறகு சம்பளம் கொடுக்கிற ரொனால்டைத் தவிர யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. கருவாட்டை முள்ளோடு தின்றேன்.

அதற்குப் பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். பேச்சு என்றால் கேள்விதான். வெங்காயத் தாளை அறுத்துக்கொண்டே கேட்பாள். அந்தப் பெண்ணை எப்படிக் கண்டுபிடித்தாய், நீயாக இருந்தால் எப்படிச் செய்திருப்பாய், கை நடுங்காதா, கத்தியை எங்கே வைத்துக்கொண்டு போவாய், போலீஸ் தடவிப் பார்த்தால் என்ன செய்வாய். வேறு யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. போலீஸ் கேட்டது, ஆனால் அடித்துக்கொண்டே கேட்டது. ஜெயிலுக்குப் பூசை வைக்க வந்த சாமியார் கேட்டார், மனம் வருந்தினாயா என்று மட்டும். இவள் வேலையைப் பற்றிக் கேட்டாள். நான் சொன்னேன். வேலை தெரிந்தவளுக்கு இருக்கிற கிறுக்குப் பெருமையோடு சொன்னேன். தொடக் கூசுகிற இடத்தில் வைக்க வேண்டும் என்றேன். நான் ஒரு தடவை பச்சைப் பிள்ளையின் அழுக்குத் துணி மூட்டையில் வைத்துக்கொண்டு போனேன். செக்போஸ்டில் மூக்கைப் பிடித்துக்கொண்டு போகச் சொன்னார்கள். உடம்பில் எங்கே குத்த வேண்டும் என்று கேட்டாள். அதையும் சொன்னேன்.

நாலு நாள் இப்படிப் பேசினோம். அந்த நாலு நாளும் அவள் ஒரு பிடி சோற்றுக்கு மேல் சாப்பிடவில்லை. ராவெல்லாம் தூங்கவில்லை என்பது காலையில் கண்ணைப் பார்த்தால் தெரியும். சாட்சி சொல்லப் போகிறவளுக்கு இருக்கிற பயம்தான் என்று நினைத்தேன். பதினேழாம் நாள் காலை சங்கத்து ஆட்கள் வேன் கொண்டுவந்தார்கள். போகும் வழியில் திண்டுக்கல்லில் ஒரு ஓட்டலில் நிறுத்தினோம். அவள் ஆறு இட்லி தின்றாள். அப்புறம் இரண்டு வடை, ஒரு நெய் ரோஸ்ட். சாம்பாரை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள். சங்கத் தலைவருக்குச் சந்தோஷம். தங்கச்சிக்குத் தைரியம் வந்துவிட்டது என்றார். நானும் சந்தோஷப்பட்டேன். கூறு கெட்ட கழுதை நான்.

கோர்ட் வாசலில் பெண் போலீஸ் ஒருவர் தடவிப் பார்த்து உள்ளே விட்டார். இவளுடைய கைக்கட்டைப் பார்த்ததும் தன் கையைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

"ஐயோ, வலிக்குதாம்மா? பாத்துப் போங்க."

அந்தக் கை பின்னால் போனதைப் பார்த்த நொடியில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தொடக் கூசுகிற இடம். செம்பட்டியில் போட்ட கட்டு மெல்லிசாக இருந்தது. இது இரண்டு மடங்கு தடிமன், மணிக்கட்டுப் பக்கம் இன்னும் கனம். அவள் கையாலேயே சுற்றியிருக்கிறாள். ஆறு இட்லி. சாட்சி சொல்லப் போகிறவளுக்குத் தொண்டையில் தண்ணீர் இறங்காது. குர்ஷித் பேகம் அன்றைக்குக் கூண்டில் ஏறுவதற்கு முன்னால் மயங்கி விழுந்ததும் சோடா கொடுத்தார்கள். நான்தான் கொல்லப் போன இரண்டு தடவையும் வயிறு முட்டத் தின்றுவிட்டுப் போனேன். தீர்மானம் ஆகிவிட்டால் நன்றாகப் பசிக்கும்.

தாழ்வாரத்தின் மறுகோடியிலிருந்து ஆண்டிச்சாமி வந்துகொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி. இரண்டு பக்கமும் ஆட்கள் வணக்கம் வைத்துக்கொண்டிருந்தார்கள். எங்களைத் தாண்டித்தான் அவன் ஹாலுக்குள் போக வேண்டும். புவனேஸ்வரி தலையைக் குனிந்து சுவர் ஓரமாக நின்றாள். வலது கை இடது கட்டின் மேல் இருந்தது. பார்ப்பவர்களுக்கு வலிக்கிற கையைத் தாங்கிக்கொண்டிருப்பது போலத் தெரியும்.

கட்டோடு சேர்த்து அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன். உள்ளே இருந்த அலகு துணியைக் கிழித்துக்கொண்டு என் உள்ளங்கையில் இறங்கியது. விடவில்லை. பக்கத்தில் பெண்கள் கழிப்பறை இருந்தது. தரதரவென்று அதற்குள் இழுத்துப் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். வெளியே சங்கத் தலைவர், பயத்தில் வாந்தி வருகிறது போல, கொஞ்ச நேரம் விடுங்கள் என்று யாரிடமோ சொல்வது கேட்டது.

உள்ளே வந்ததும் அவள் என்னை அறைந்தாள். வலது கையால், முழுப் பலத்தோடு. பிறகு என் தோளைக் கடித்தாள். நான் கட்டைப் பிரித்தேன். வெங்காயத் தாள் அறுக்கிற சின்னக் கத்தி, பிடியைக் கழற்றிவிட்டு அலகை மட்டும் தையல் மேலேயே வைத்துச் சுற்றியிருந்தாள். தையல் இரண்டு பிரிந்து ரத்தம் கசிந்தது. அந்த வலியோடுதான் வடை தின்றிருக்கிறாள். அலகைப் பிடுங்கித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போட்டேன்.

"நீ அவன் ஆளு," என்றாள். "எம்புட்டு வாங்குன அவன்ட்ட?"

ரத்தம் கசிந்த இடத்தில் கட்டுத் துணியை வைத்து அழுத்தினேன்.

"நீதானடி சொல்லிக் குடுத்த. எங்க வைக்கணும், எங்க குத்தணும், எல்லாம் நீதான சொன்ன."

"ஆமா. பெருமைக்குச் சொன்னேன். எந்தப்புத்தான்."

"நான் ஏறிச் சொன்னா என்ன ஆகும்? உள்ள போவான். வேளைக்குச் சோறு திம்பான். பெயில்ல வருவான். எம்புருசன் வருவாரா? எனக்கு அவன் சாகணும். என் கண்ணு முன்னாடி சாகணும்."

வெளியே பேர் கூப்பிடுகிற டவாலியின் குரல் கேட்டது. புவனேஸ்வரி, சுருளிவேல் மனைவி புவனேஸ்வரி என்று முதல் தடவை கூப்பிட்டார். மூன்று தடவை கூப்பிடுவார்கள். வரவில்லை என்றால் எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து நிற்பார். வாய்தா போடுவார்கள், அடுத்த வாய்தாவுக்குள் இன்னொருத்தி வருவாள். அவள் இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்கக் கற்றுக்கொண்டு வருவாள்.

எனக்குச் சமாதானமாகப் பேச வராது. தெரிந்ததைச் சொன்னேன்.

"நீ குத்தி அவன் செத்துட்டா என்ன ஆகும்னு நான் சொல்றேன், கேளு. அவன் செத்தவனாயிருவான். செத்தவன யாரும் திட்டமாட்டாங்க. அவன் வீட்டு வாசலுக்குப் பொம்பளைங்க முடிய அவுத்துப் போட்டுட்டு வந்து, அவன் பொண்டாட்டியக் கட்டிப்புடிச்சு அழுவாங்க. உன் போட்டோவ வாட்ஸ்அப்ல விடுவாங்க. சுருளிவேல யாரு கொன்னான்னு சொல்றதுக்கு இந்த ஒலகத்துல ஒரு வாய்கூட இருக்காது. அந்த வாய நான் கெடந்த ஜெயில்ல நீ கொண்டு போயி வச்சிருப்ப."

"எனக்கு என்ன ஆனா என்ன?"

"உனக்கு ஒண்ணும் ஆகாது. என்னய மாதிரி ஆவ. அம்புட்டுத்தான்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வையில் அருவருப்பைத் தவிர ஒன்றுமில்லை. அது போதும் என்று எனக்குப் பட்டது. டவாலி இரண்டாம் தடவை கூப்பிட்டார்.

"என்னய ஒரு பொம்பள விரல நீட்டித்தான் உள்ள தள்ளுச்சு," என்றேன். "நடுங்கிக்கிட்டே நீட்டுச்சு. எனக்குக் கத்தியெல்லாம் பழக்கம். அந்த விரலுக்கு என்ன செய்யிறதுன்னு எனக்குத் தெரியல. இவனுக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா கத்தியோட ஒருத்திய அனுப்பிருப்பானா?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் தோற்றிருப்பேன். கைக்கட்டைத் தானே திரும்பச் சுற்றிக்கொண்டாள், முனையைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டாள். மூன்றாம் தடவை பேர் கேட்டதும் என்னைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்தாள்.

நான் கைக்குட்டையை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு ஹாலின் கடைசி வரிசையில் போய் நின்றேன். கூண்டில் அவள் கால் நடுங்கியது அங்கிருந்தே தெரிந்தது. அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் சொன்னாள். எந்த வரப்பு, எத்தனை அடி தூரம், யார் பிடித்தார்கள், எந்தக் கையில் அரிவாள் இருந்தது. வெட்டியவர் இங்கே இருக்கிறாரா என்று கேட்டபோது காயம்பட்ட கையைத் தூக்கி ஆண்டிச்சாமியைக் காட்டினாள். ரத்தம் கட்டுக்கு வெளியே வந்துவிட்டது. ஆண்டிச்சாமி முதலில் அவளை முறைத்தான். பிறகு நீதிபதியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

அவன் வக்கீல் எழுந்தார். அவர் இவளைக் கேட்ட கேள்விகளை எல்லாம் எழுத எனக்கு மனசில்லை. புருஷனோடு சண்டை உண்டா, யாரோடாவது பழக்கம் உண்டா என்றெல்லாம் போனது. ஒன்றும் எடுபடாமல் போகவே, கடைசியில் திரும்பி என்னைக் காட்டினார். இந்தப் பெண் யார் என்று தெரியுமா, இரண்டு கொலை செய்தவர் என்பது தெரியுமா, கொலைகாரியைக் கூடவே வைத்துக்கொண்டு திரிகிறவர் சொல்வதை இந்த நீதிமன்றம் எப்படி நம்புவது என்று கேட்டார். ஹாலில் எல்லாரும் திரும்பினார்கள். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. நான் வந்ததே அவளுக்குக் கேடாக முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

புவனேஸ்வரி என் பக்கம் திரும்பவே இல்லை.

"தெரியும்ங்கய்யா. கொலகாரிதான். அவளக் கண்டா எனக்கு ஆகாது. ஆனா அவ செஞ்சதுக்குப் பதினாலு வருசம் உள்ள கெடந்துட்டு வந்துருக்கா. இவரு எப்பப் போவாருன்னு கேக்கத்தான் நான் வந்துருக்கேன்."

சொன்னதை அப்படியே பதிவு செய்யும்படி நீதிபதி சொன்னார். வக்கீல் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தார்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. வாய்தாக்கள் போய்க்கொண்டிருக்கின்றன. சாட்சியைக் கொல்ல ஆள் அனுப்பியதாக அவன் மேல் இன்னொரு வழக்கும் போட்டு, ஜாமீனை ரத்து செய்துவிட்டார்கள் என்று ரொனால்டு சொன்னான். அது பிறகு நடந்தது. அன்றைக்கு மத்தியானம் கோர்ட் வாசலில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. புவனேஸ்வரி வேனை நோக்கிப் போனாள். நான் வழக்கம்போல நாலு அடி தள்ளிப் பின்னால் போனேன். வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று திரும்பினாள்.

"நீ வராத. உன் மூஞ்சிய நான் இனிப் பாக்கக் கூடாது," என்றாள்.

சரி என்றேன். சங்கத் தலைவர் என்னவோ சொல்ல வந்தார். அவள் கதவை இழுத்துச் சாத்தினாள். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, காயம்பட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைப் பல்லால் திறந்து மடக் மடக்கென்று குடித்தாள். முந்தானையெல்லாம் நனைந்தது. பாவி மகள், உயிரோடு இருந்தாள். வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். வேன் கிளம்பியது.

நான் கை வைத்த ஒரு ஆள் வீட்டுக்குத் திரும்பிப் போவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருக்க, நான் அந்த வாசலில் நின்று ஊரே பார்க்க அழுதேன்.